பொறுத்திருக்கச் சொன்ன பள்ளிக்கூடம்

வடமாலபேட்டையில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு லுத்தரன் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது மதிப்பெண் பட்டியலோடு சாதிச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற மாலா அல்லது மாதிகா குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. ஆனால் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்களையும் அவர்கள் வழியில் பிறந்தவர்களையும் அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் ‘சி’ பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஒதுக்கீடு 1 விழுக்காடு. குடும்பம் குடியிருக்கும் தெரு மாறவில்லை, செய்கிற கூலி வேலை மாறவில்லை, ஊர்க்காரர்கள் கூப்பிடும் விதமும் மாறவில்லை. அலுவலக ஏட்டில் ஒரு வரி மட்டும் மாறிவிட்டது. அந்த ஒரு வரிக்காக ஏட்டில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு மதமுமாக வாழும் வீடுகள் ஏராளம். பதினாறு பதினேழு வயதில் ஒரு பிள்ளை தன் விசுவாசத்தை அரசு அலுவலகத்தில் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. திருச்சபைப் பள்ளிக்கோ விடுதிக்கோ போனால் சாதியை மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

பன்மை, நீதி, மாணவர் பங்கேற்பு என்ற மூன்றையும் உலகெங்கும் உள்ள லுத்தரன் கல்வி நிறுவனங்கள் இன்று தங்கள் கொள்கையாக அறிவித்துக்கொள்கின்றன. நம் பக்கத்தில் அவற்றை விசாரிக்க வேண்டுமானால் இந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும்.

வடமாலபேட்டை ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் நடுவே, சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் வட ஆர்க்காடு. 1911 முதல் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வட்டாரம். அப்பலாயகுண்டா பிரசன்ன வெங்கடேஸ்வரர் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த இந்தப் பகுதிக்கு லுத்தரன் சபை வந்த வழி நீளமானது. வட ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்ற கிராமத்துச் சபை தொடங்கிய மிஷன், ஆகஸ்ட் மிலியுஸ் என்பவரை அனுப்பி 1865இல் நாயுடுபேட்டையில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் லீப்சிக் மிஷனில் இருந்தவர் அவர். 1912இல் புத்தூர், கோடூர் நிலையங்கள் அமெரிக்காவின் ஒஹாயோ சினட் என்ற லுத்தரன் சபையின் கைக்குப் போயின. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு மற்ற இடங்களும் அப்படியே கைமாறின. 1945இல் இவையெல்லாம் சேர்ந்து தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை ஆயிற்று. அதன் தலைமையிடம் திருப்பதி.

புத்தூரை ஏற்றுக்கொண்ட அந்த ஒஹாயோ சினடுக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, கொலம்பஸ் நகரில், கேபிடல் பல்கலைக்கழகம் என்ற பெயரில். இன்றும் இருக்கிறது. நம் பக்கத்துச் சபைகளுக்குக் கிடைத்தவை பள்ளிகளும் விடுதிகளும் மருத்துவமனைகளும். இந்தியாவில் லுத்தர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் ஒன்று 2005ஆம் ஆண்டின் மேகாலயச் சட்டத்தால் ஷில்லாங்கில் வந்தது. தெற்கே இருப்பவை கல்லூரிகள்: 1885இல் தொடங்கிய குண்டூர் ஆந்திர கிறித்தவக் கல்லூரி, பொறையாறில் பேராயர் மாணிக்கம் பெயரில் உள்ள கல்லூரி, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி. குருகுலத்து மாணவர்கள் வாங்கும் பட்டம் செராம்பூர் கல்லூரியின் செனட் தருவது. செராம்பூருக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1827இல் கொடுத்தவர் டென்மார்க்கின் ஆறாம் பிரடெரிக், லுத்தரன் சபையைச் சேர்ந்த மன்னர். ஆக, லுத்தரன் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்லக்கூடியது ஒரே கட்டடத்தில் இல்லை. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் கல்லூரிகளும், ஒரே மரபும், ஒரே பழைய வழக்குமாக இருக்கிறது.

அந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதி என்பது விசுவாசத்தைச் சேர்ந்த காரியமா, ஊர் வழக்கத்தைச் சேர்ந்த காரியமா? ஊர் வழக்கம் என்றால் திருச்சபை அவசரப்படத் தேவையில்லை. வேதமும் படிப்பும் பரவினால் அது நாளடைவில் தானாகக் கரைந்துவிடும். விசுவாசத்தைச் சேர்ந்தது என்றால் ஒரு நாளும் பொறுக்க முடியாது. லுத்தரன் மிஷன்களில் பெரும்பாலும் வென்றது முதல் வாதம். அந்தப் பொறுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்குதான் இன்னும் தீர்க்கப்படவில்லை.

தரங்கம்பாடிக்குப் போவோம். 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சாவும் அங்கே இறங்கினார்கள். இருவரையும் உருவாக்கியது ஹாலே நகரத்துப் பக்திமரபு. பிரான்கே என்ற பேராசிரியர் அங்கே ஓர் அனாதை இல்லத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களை வளர்த்து வந்தார். எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பது லுத்தர் 1524இல் ஜெர்மன் நகர மன்றங்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்தே வந்த எண்ணம். அதைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் இவர்கள். தரங்கம்பாடியில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார்கள், உபதேசியார்களைப் பயிற்றுவித்தார்கள், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். எழுத்து எட்டாதிருந்த தெருக்களுக்கு எழுத்தைக் கொண்டுபோனது பெரிய செயல். அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் ஆலயத்துக்குள் வெள்ளாளரும் பறையரும் விலகி விலகி உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குருவானவர். வெள்ளாளர். அவரோடு ஒரே காலத்தில் தஞ்சைச் சீமையில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் உழைத்தார். பறையர் குலத்தில் 1700இல் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், கத்தோலிக்கராக வளர்ந்து தமிழ் வேத நூலை வாசித்துத் தரங்கம்பாடிச் சபையை நாடி வந்தவர். மிஷனரிகள் கால்வைக்க முடியாத தஞ்சை நாட்டுக்குள் சபைகளைக் கட்டியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். அடி வாங்கியிருக்கிறார், மிரட்டப்பட்டிருக்கிறார். இரண்டாவது குருவானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்தபோது மிஷனரிகள் அவரையும் நினைத்துப் பார்த்தார்கள். ஆனால் பறையர் ஒருவர் கையால் உயர் சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள், அவரைத் தங்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்ற காரணம் குறுக்கே வந்தது. 1741இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இதே ஆண்டுகளில் இந்த மிஷனரிகளின் தாய்ப் பல்கலைக்கழகங்களில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. இன்றைய கானா நாட்டின் ஆக்சிம் பகுதியில் பிறந்து, சிறுவனாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட அன்டோன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1729இல் ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்குள்ள சட்ட உரிமை பற்றி அங்கே வாதிட்டார். 1734இல் லுத்தரின் விட்டன்பர்க்கில் மனத்தின் இயல்பு பற்றிய ஆய்வுரையை முன்வைத்தார். பிறகு ஹாலேயிலும் யேனாவிலும் மாணவர்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். லுத்தரன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓர் ஆப்பிரிக்கர் மேடையேறி ஐரோப்பியருக்குப் பாடம் நடத்த முடிந்த அதே பத்தாண்டுகளில், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசீர்வாதத்தோடு நடந்த மிஷனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்கு அப்பம் பிட்டுக் கொடுக்க முடியவில்லை. ஆமோவின் வாழ்க்கையும் இனிதாக முடியவில்லை. 1740களின் பின்பகுதியில் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிட்டார். என்றாலும் பல்கலைக்கழகத்தின் கதவு எவ்வளவு திறக்கும் என்பதை மரபு தீர்மானிக்கவில்லை, அந்த இடத்தில் யாருடைய மனம் நோகக்கூடாது என்ற கணக்கே தீர்மானித்தது என்பதற்கு இந்த இரண்டு வாழ்க்கைகளே சாட்சி.

19ஆம் நூற்றாண்டில் வழக்கு வெளிப்படையாகவே வெடித்தது. தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார், இன்றும் தமிழ்க் கிறித்தவர்கள் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர், 1820களின் இறுதியில் சாதி வழக்கத்துக்காக வாதாடினார். தனித்தனியே உட்காருவதும் உண்பதும் நாட்டு வழக்கம், அதில் பாவமில்லை என்பது அவர் கட்சி. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எதிர்க் கட்டளை அனுப்பினார்: சபைகளில் சாதி உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு இன்னும் ஒரு படி போய், எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதையே சோதனையாக வைத்தது. அதை ஏற்க மறுத்த மிஷன் லீப்சிக் லுத்தரன் மிஷன். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வெளியேறியவர்களில் பலருக்குப் புகலிடமானதும் அதுவே.

அப்போது லீப்சிக்கின் இயக்குநர் கார்ல் கிரவுல். 1849 முதல் 1853 வரை இந்தப் பக்கம் பயணம் செய்தவர், தமிழை ஆழமாகக் கற்றவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். தமிழருடைய இலக்கியத்தையும் வாழ்க்கையையும் மதித்த மனிதர். அந்த மதிப்பிலிருந்தே அவர் வாதம் பிறந்தது. ஐரோப்பியர் வந்து ஒரு நாட்டின் சமூக அமைப்பைக் கட்டளையால் உடைக்கக் கூடாது. சாதியின் மதச் சார்பான பகுதியை மட்டும் விலக்கினால் போதும். மீதியைக் கல்வியும் காலமும் பார்த்துக்கொள்ளும் என்றார். பண்பாட்டை மதிப்பது என்ற பேரில் இன்று நாம் கேட்கும் பல பேச்சுகளின் முன்னோடி இது. கிரவுல் மதித்த தமிழ்ப் பண்பாட்டில் சேரிக்கு இடமில்லை. அவருக்குத் தமிழ் கற்றுத்தந்தவர்களும் அவரோடு விவாதித்தவர்களும் எந்தத் தெருக்காரர்கள் என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். பிற நாட்டாரைப் புரிந்துகொள்ள வரும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இது எச்சரிக்கை: ஒரு சமூகத்தின் குரல் என்று யார் பேசுகிறாரோ அவருக்கு அந்தச் சமூகத்துக்குள் என்ன இடம் என்று கேட்காமல் பன்மையைப் பாராட்டினால், பாராட்டு வலியவர் பக்கம்தான் போய்ச் சேரும்.

லீப்சிக் மிஷனுக்குள்ளேயே எல்லாரும் கிரவுலோடு உடன்படவில்லை. கார்ல் ஒக்ஸ் என்ற மிஷனரி சாதியோடு சமரசம் செய்ய முடியாது என்று பிரிந்தார். 1861இல் தென் ஆர்க்காட்டில் பட்டாம்பாக்கத்தின் அருகே பெத்தானியா என்ற நிலையத்தைத் தொடங்கினார். விரைவில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் இது. ஒரு திருச்சபையே சாதி எதிர்ப்பிலிருந்து பிறந்தது என்பதை அந்தச் சபையின் பள்ளிகளில் படித்தவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

கிரவுலின் நம்பிக்கையைக் காலம் சோதித்துவிட்டது. படிப்பு வந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் தன்னாட்சி பெற்றது. 1956இல் ராஜா மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். குண்டூரில் லுத்தரன் சபையின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் குர்ரம் ஜாஷுவா பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். தீண்டாமையை எதிர்த்து அவர் எழுதிய ‘கப்பிலம்’ தெலுங்கு இலக்கியத்தின் திசையை மாற்றியது. மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால் ஆந்திரத்தின் தலித் மக்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் எழுத்தறியாமலே போயிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் சாதி கரையவில்லை. 1985 ஜூலையில் காரம்சேடுவில் மாதிகாக்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஆகஸ்டில் சுண்டூரில் தலித்துகள் எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சுண்டூரில் பகை மூண்டது ஒரு திரையரங்கில் படித்த தலித் இளைஞர் ஒருவரின் கால் முன்னிருக்கைக்காரர் மீது பட்டதிலிருந்து. பட்டப்படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. படித்து நிமிர்ந்து உட்கார்ந்ததே குற்றமாகிவிட்டது. படிப்பு வந்தால் பகை போகும் என்றவர்கள், படித்தவன் மீது பகை கூடும் என்பதை எதிர்பார்க்கவில்லை.

இதே 1980களில்தான் மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் கேரி சங்கத்தில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஓர் உரை நிகழ்த்தினார். இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களாக இருக்க, இந்திய இறையியல் என்ற பெயரில் அதுவரை எழுதப்பட்டதெல்லாம் வேதாந்தத்தோடும் பிராமண மரபோடும் நடத்திய உரையாடலாக இருப்பது ஏன் என்பது அவர் கேள்வி. சென்னைக் குருகுலம் அவரை அழைத்து, தலித் இறையியலுக்கென ஒரு துறையையே ஏற்படுத்தி அதன் தலைமையைக் கொடுத்தது. அப்போது குருகுலத்தின் இயக்குநர் குஞ்சல ராஜரத்தினம், ஆந்திரத்திலிருந்து வந்த பொருளியல் அறிஞர். லீப்சிக் மிஷன் சமரசம் செய்த மண்ணில், அதன் வாரிசுகளும் பங்காளிகளான ஒரு கல்லூரியில், இந்தத் துறை தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டு வழக்கில் இது ஒரு தீர்ப்பு என்றே நான் கொள்கிறேன்.

நிர்மல் உபாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அடிமையாயிருந்த மக்கள் தங்கள் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து, எங்கள் முன்னோர் யார், எப்படி ஒடுக்கப்பட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லும் இடம் அது. விசுவாச அறிக்கை என்பதே அங்கே தன் வரலாற்றைச் சொல்வதுதான். தலித் மாணவர் தன் சேரியையும் தன் பாட்டனையும் சொல்லாமல் விசுவாசத்தைச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். வடமாலபேட்டைப் பிள்ளை எதையெல்லாம் மறைக்கக் கற்றுக்கொண்டதோ, அதையே வகுப்பறையில் எழுந்து நின்று சொல்லச் சொல்லும் பாடத்திட்டம் இது. வி. தேவசகாயம் குருகுலத்தில் வேதபாடங்களைத் தலித் நோக்கில் நடத்தினார். பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயரானார். பெண்களைப் பற்றிய ஆய்வும் குருகுலத்தில் இடம் பிடித்தது. ஆந்திர லுத்தரன் மரபில் வந்த மோனிகா மெலங்க்தன் அங்கே பழைய ஏற்பாட்டைக் கற்பித்தார். தலித் விடுதலை பேசிய கூட்டங்களிலேயே பெண்கள் பின்வரிசையில் இருந்ததை அந்தத் தலைமுறைப் பெண்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் குறை இன்றும் பாதிதான் தீர்ந்திருக்கிறது.

பாடத்திட்டம் ஒன்று, சாப்பாட்டு மேசை வேறு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே இசையும் தொடர்பியலும் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், 2005இல் இறந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் கூடி உண்பதை அவர் இறையியலாகவே வைத்தார். அதைப் பேசியதோடு நிற்காமல் மாணவர்களோடு வாழ்ந்தும் காட்டினார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கிராமத்திலிருந்து வந்த மாணவர்கள் தாங்கள் வெட்கப்பட்டு விட்டுவிட்டு வந்த தாளத்தைக் கல்லூரி ஆலயத்தில் அடித்தார்கள். பிறகு அதைத் தங்கள் சபைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1850இல் மிஷனரிகள் ஒன்றாக உண்பதைச் சோதனையாக வைத்தபோது அது மேலிருந்து வந்த கட்டளை. அதனால் சபை உடைந்தது. அரசரடியில் அது மாணவர்களின் பழக்கமாக வந்தது. மாணவர் பங்கேற்பு என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான். குழுவில் ஒரு நாற்காலி கிடைப்பதும் வேண்டும், ஆனால் சமையலறையும் ஆராதனையும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வியும் வேண்டும்.

வெளியுலகத்தில் லுத்தரன் மரபு தன் பழைய வாதத்தை நிறவெறி விஷயத்தில் வெளிப்படையாகவே கைவிட்டது. 1968 மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபோலிசில் ஆக்ஸ்பர்க் கல்லூரி வகுப்புகளை ஒரு நாள் நிறுத்திவிட்டு நகரத்தின் நிறவெறி பற்றி விவாதித்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு சில வாரங்களே ஆகியிருந்தன. அதைவிடக் கனமானது 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் முடிவு. தென்னாப்பிரிக்க நிறவெறி விசுவாசத்தின் அடிப்படையையே தொடும் பிரச்சினை, அதில் நடுநிலை கிடையாது என்று அது அறிவித்தது. 1984இல் புடாபெஸ்ட் மாநாடு இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. தோலின் நிறத்தால் திருவிருந்தைப் பிரிப்பது விசுவாசத்தை மறுதலிப்பது என்றால் பிறப்பால் பிரிப்பது என்ன? 2009இல் பாங்காக்கில் உலகத் திருச்சபை மன்றத்தோடு சேர்ந்து தலித்துகளுக்கான நீதி பற்றி ஒரு மாநாட்டை லுத்தரன் கூட்டமைப்பு நடத்தியது. ஆனால் சாதியின் பேரில் எந்தச் சபையின் உறுப்புரிமையும் நிறுத்தப்பட்டதில்லை. இங்கே ஒடுக்குபவர்களுக்கென்று தனிச் சபை இல்லை, எல்லாரும் ஒரே சபைக்குள் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, அதன் பின்னால் ஒளிந்துகொள்வதை ஏற்க முடியவில்லை.

இனிச் சட்டம். இந்தியாவில் லுத்தரன் கல்லூரி என்பது சிறுபான்மையினர் நிறுவனம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு அதை நிறுவவும் நடத்தவும் உரிமை தருகிறது. 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தத்தால் வந்த 15(5) பிரிவு, தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சிறுபான்மையினர் நிறுவனங்களை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தது. இந்த விலக்கை நான் எதிர்க்கவில்லை. பெரும்பான்மையின் அழுத்தத்திலிருந்து சிறு சமூகம் தன் பள்ளியைக் காத்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் தலித் கிறித்தவ மாணவர் பட்டியல் சாதி இடத்தைக் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் கிறித்தவர். தன் சொந்தத் திருச்சபையின் கல்லூரியில் தலித்துக்கென்று ஓர் இடத்தைச் சட்டப்படி கேட்க முடியாது, ஏனென்றால் அந்தக் கல்லூரிக்கு விலக்கு உண்டு. சிறுபான்மை ஒதுக்கீட்டு இடங்கள் கிறித்தவர்களுக்குப் போகும். கிறித்தவர்களில் யாருக்கு என்று கேட்கச் சட்டம் இல்லை. எஞ்சியிருப்பது திருச்சபையின் மனச்சாட்சி.

பட்டியல் சாதி இடம் என்ற முதல் கதவு எப்போது அடைபட்டது என்பதும் தெரிந்ததே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி இந்துக்கள் அல்லாதவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது. கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். 1985இல் சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதக் கட்டுப்பாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவத்துக்கு மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. புகார் கொடுத்திருந்தவர் ஒரு போதகர். சாதி சொல்லித் திட்டப்பட்டதாகச் சொன்ன போதகருக்கு, நீர் போதகர் என்பதாலேயே பாதுகாப்பு இல்லை என்றால், இறையியல் படிக்கப் போகும் தலித் மாணவர் தன் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைப்பார்?

இந்த வழக்குகளில் திருச்சபைகள் அரசின் முன் உரக்கப் பேசுகின்றன, டெல்லியில் பேரணி நடத்துகின்றன. பேச வேண்டும். ஆனால் உச்ச நீதிமன்றம் 1985இல் கேட்ட ஆதாரம் எங்கே இருந்திருக்க வேண்டும்? திருச்சபைகளின் சொந்த ஏடுகளில். எத்தனை தலித் மாணவர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஆசிரியர்களில் எத்தனை பேர், நிர்வாகக் குழுவில் எத்தனை பேர், கல்லறைத் தோட்டத்தில் இன்னும் தடுப்புச்சுவர் உள்ள ஊர்கள் எவை. இவற்றைத் தொகுத்து வெளியிடுவது தங்கள் மேல் தாங்களே குற்றப்பத்திரிகை எழுதுவதாகும் என்ற பயத்தில் சபைகள் மௌனமாக இருந்துவிட்டன. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அவ்வளவு தூரமாவது லுத்தரன் கல்லூரிகள் வர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தென் ஆந்திரத்தில் ஒடுக்கப்பட்டோர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. மாலாவும் மாதிகாவும் ஆந்திரத் திருச்சபைகளில் பல இடங்களில் தனித்தனி அணிகளாகவே தேர்தலைச் சந்திக்கிறார்கள். பட்டியல் சாதிகளை உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த விவாதம் கூர்மையாகியிருக்கிறது. கிறித்தவராகிவிட்டவர்கள் அந்தப் பிரிவினைக்குள் வரவே மாட்டார்கள். ஆனால் அதன் மனக்கசப்பு அவர்கள் விடுதிக்குள்ளும் வந்துவிடுகிறது. யானாதி, எருக்கலர் ஆகிய பழங்குடி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் பேச்சு இந்த இரண்டு பெரிய குரல்களுக்கிடையே கேட்பதே இல்லை. விடுதியில் ஒற்றுமை என்ற பெயரில் இதைப் பேசாமல் மூடிவைக்கும் காப்பாளர்கள், கிரவுல் சொன்ன அதே பொறுமையைத்தான் மறுபடி சொல்கிறார்கள்.

செய்யக்கூடியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. சேர்க்கை, ஆசிரியர் நியமனம், விடுதி இடம் ஆகியவற்றின் சமூகவாரிக் கணக்கைக் கல்லூரி ஆண்டுதோறும் பேராயத்தின் முன்னும் மாணவர் முன்னும் வைக்கலாம். சிறுபான்மை இடங்களுக்குள் தலித் கிறித்தவருக்கும் பழங்குடிக் கிறித்தவருக்கும் ஒரு பங்கைத் திருச்சபை தானாகவே வகுத்துக்கொள்ளலாம். 15(5) பிரிவின் விலக்கு கட்டாயத்திலிருந்து தரப்படும் விலக்கே, நீதி செய்வதற்கான தடை அல்ல. நிர்வாகக் குழுவில் மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் வாக்குரிமையோடு உட்காரலாம். திருச்சபைக் கல்லூரிகளின் குழுத் தேர்தல்கள் எவ்வளவு பகையோடு நடக்கின்றன, எத்தனை முறை நீதிமன்றப் படியேறியிருக்கின்றன என்பதை நாளிதழ் வாசிப்பவர்கள் அறிவார்கள். சொத்துக்காகச் சண்டையிடும் பெரியவர்கள் நிறைந்த அந்த அறையில், சொத்தில் பங்கு கேட்காத ஒரே கூட்டம் மாணவர்கள். சாதி இழிவு பற்றிப் புகார் வந்தால் விசாரிக்கும் குழுவில் விடுதி மாணவர் ஒருவரும், அந்தச் சபைக்கு வெளியே இருந்து வரும் ஒருவரும் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரிடம் பட்டியல் சாதிச் சான்றிதழைக் கேட்கக் கூடாது. அரசு அதைக் கேட்கலாம், அதற்கு 1950ஆம் ஆண்டு ஆணை இருக்கிறது. திருச்சபைக்கு அப்படி எந்த ஆணையும் இல்லை. தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையிடம், உன்னை யார் இழிவாக நடத்தினார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கும் உரிமை அதற்குக் கிடையாது.